மானிட்டருக்கு ஜுரம் பார்த்த காலம்

வீட்டுக்கு வந்தவருக்காகக் கணினியை இயக்கும் நேரம், இயக்கும் பிள்ளையின் கணக்கில் சேராது. எங்கள் வீட்டுக் கணினி விதிகளில் இது நான்காவது. வகுத்தவன் நான். தட்டச்சு செய்து பீரோவின் பக்கவாட்டில் ஒட்டியவனும் நானே. அந்த விதியின் வாசகத்தில் குறை ஏதும் இல்லை என்பதை இன்றைக்கும் எந்த மேல்முறையீட்டு அதிகாரியின் முன்னாலும் நின்று வாதாடுவேன். அதன்படி பார்த்தால், பெங்களூரில் இருக்கும் என் பேத்தி ஆதிரா சனிக்கிழமை மாலைகளில் என்னோடு வீடியோவில் பேசும் நேரம் அவள் கணக்கில் சேரக் கூடாது. நான் வீட்டுக்கு வந்தவன். வாசல் வழியாக வராமல் திரை வழியாக வந்தவன், அவ்வளவுதான்.

ஆனால் சேர்க்கிறார்கள்.

என் மகன் பிரபுவின் வீட்டில் குழந்தைக்கு ஒரு நாளைக்கு அரை மணி நேரம் திரை. எட்டு வயதில் கண்ணாடி போட்டாயிற்று, கண் மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாராம். தொலைக்காட்சி, கைப்பேசி, அம்மாவின் மடிக்கணினி எல்லாம் சேர்த்து அரை மணி. நானும் அதற்குள் அடக்கம். பேச ஆரம்பிக்கும்போதே நேரம் முடிந்தால் அடிக்கும் ஒரு சின்ன மணியைத் திருகி மேசையில் வைத்துவிடுகிறார்கள். அது ஓடும் சத்தம் பட்டாபிராமில் என் வீடு வரை கேட்கிறது. ஆதிரா என் முகத்தைப் பார்ப்பாள், மணியைப் பார்ப்பாள். என்னிடம் செலவழிக்கும் ஒவ்வொரு நிமிடமும் அவளுடைய கார்ட்டூனிலிருந்து வெட்டி எடுத்தது. "தாத்தா, சீக்கிரம் சொல்லு. என் டைம் போகுது." சொல்வதில் தப்பு இல்லை. உண்மையில் போகிறது.

என் கைப்பேசி பழையது. கொஞ்சம் பேசினாலே கையில் சூடு ஏறும். ஒரு சனிக்கிழமை அதை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டே, "போன் கொதிக்குதும்மா. உங்க பாட்டி இருந்திருந்தா விசிறி எடுத்து வீசியிருப்பா" என்றேன்.

ஆதிரா கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டாள். பாட்டியை அவள் பார்த்ததில்லை. வசந்தா போனபோது இவள் பிறக்கவில்லை.

"போனுக்கு விசிறி வீசுவாங்களா?"

"போனுக்கு இல்ல. கம்ப்யூட்டருக்கு."

"ஏன்? அதுக்கு வேர்க்குமா?"

"அது பெரிய கதை."

"சொல்லு."

சொல்லத்தான் ஆரம்பித்தேன். ஆனால் அரசு அலுவலகத்தில் பணியமைப்புப் பிரிவில் ஆயுளைக் கழித்தவனுக்கு முன்னுரை இல்லாமல் எதையும் சொல்ல வராது. சென்னை ரிச்சி தெருவில் கணினி வாங்கிய நாளிலிருந்து தொடங்கினேன். அதைத் தூக்கிக்கொண்டு நாங்கள் சென்ட்ரலுக்கு வருவதற்குள் அங்கே மணி அடித்துவிட்டது. அடுத்த வாரம் ரயில் ஏறினோம், அம்பத்தூர் தாண்டவில்லை. அதற்கடுத்த வாரம் ஏதோ புதுக் கார்ட்டூன் வந்திருந்தது. குழந்தை வந்தாள், கையசைத்தாள், போய்விட்டாள்.

பதிவு செய்து அனுப்புங்களேன் என்று கோயம்புத்தூரிலிருந்து மகள் கவிதா யோசனை சொன்னாள். முயன்று பார்த்தேன். கேட்கிற முகம் இல்லாமல் கதை சொல்வது, காலியான நாற்காலியிடம் விடுப்பு கேட்பது போல இருந்தது. அழித்துவிட்டேன். உங்கள் மேசையில் மணி எதுவும் ஓடவில்லை என்ற தைரியத்தில் உங்களிடம் சொல்கிறேன்.

அந்தக் கணினியை வைப்பு நிதியில் முன்பணம் எடுத்து வாங்கினேன். கவிதா ஒன்பதாவதும் பிரபு ஏழாவதும் படித்துக்கொண்டிருந்தார்கள். வண்டி வைத்துக் கொண்டுவர மனமில்லாமல் ரயிலில், கூடைக்காரர்கள் ஏறும் பெட்டியில் ஏற்றினோம். மானிட்டர் பெட்டி என் மடியில். சின்னக் குழந்தையைப் பிடித்துக்கொள்வது போல இன்னொரு பெட்டியைக் கவிதா கட்டிக்கொண்டிருந்தாள். எதிரே காலிக் கூடையின் மேல் உட்கார்ந்திருந்த பூக்காரம்மா பிரபுவைக் கேட்டார்:

"இன்னா நைனா, டிவியா?"

"கம்ப்யூட்டர்."

"அது இன்னா பண்ணும்?"

"எல்லாம் பண்ணும்."

"பூ கட்டுமா?"

பிரபு திரும்பி என்னைப் பார்த்தான். நான் மடியிலிருந்த பெட்டியைப் பார்த்தேன். ரயில் பெட்டியே சிரித்தது. பூக்காரம்மா மிச்சமிருந்த ஒரு முழத்தை எடுத்துப் பெட்டியின் மேல் வைத்தார். "எத்துனு போ. புச்சா வர்றதுக்குப் பூ வெச்சி இட்டுனு போணும்."

அந்தப் பூவோடுதான் அது வீட்டுக்குள் வந்தது. பெட்டியைப் பிரித்தபோது வந்த வாசனை இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. தெர்மாகோலும் புது பிளாஸ்டிக்கும் அன்றைய மல்லிகையும் கலந்த வாசனை. வேறு எங்கும் நான் அதை மோந்ததில்லை. வசந்தா பழைய திரைச்சீலையை வெட்டி அதற்கு உறை தைத்தாள். கீழே சுருக்கம் வைத்துத் தைத்ததில், கூடத்து மூலையில் பாவாடை கட்டிய குழந்தை உட்கார்ந்திருப்பது போல இருக்கும். "நான் அத தொடமாட்டேங்க. எனக்கென்ன தெரியும் அதப் பத்தி" என்று அவள் முதல் நாளே சொல்லிவிட்டாள். அந்த வாக்குமூலத்தை நான் அப்படியே பதிவு செய்துகொண்டேன்.

ஒரு கணினி, இரண்டு பிள்ளைகள். விதி இல்லாமல் முடியுமா? விடுப்பு விதிகளை மாதிரியாக வைத்துக்கொண்டேன். ஆளுக்கு நாள் ஒன்றுக்கு அரை மணி. பயன்படுத்தாத நேரம் அன்றோடு காலாவதி. ஒருவர் நேரத்தை மற்றவருக்கு மாற்றித்தர முடியாது. ஒட்டிய சாயங்காலமே கவிதா சட்டப் பிரச்சினை எழுப்பினாள்.

"அப்பா, நடுவுல கரண்ட் போனா?"

"போன நேரத்தை அன்னிக்கே ஈடு பண்ணிக்கலாம்."

"அன்னிக்கு வரவே இல்லன்னா?"

"காலாவதி."

"கரண்ட் போனதுக்கு நான் என்னப்பா பண்ணுவேன்?"

"அரசாங்கம் என்ன பண்ணுமோ அதத்தான் நானும் பண்றேன்."

கெஞ்சினால் கூடுதல் நேரம் கொடுப்பதும் உண்டு. ஆனால் கொடுக்கும்போது ஒரு வாக்கியத்தைச் சேர்த்தே கொடுப்பேன்: "இதை முன்னுதாரணமாகக் கொள்ளலாகாது." அலுவலகத்தில் ஒருவருக்குச் சலுகை காட்டிய உத்தரவின் கடைசி வரி அதுதான். அடுத்தவன் அதைக் காட்டிக் கேட்கக் கூடாது பாருங்கள். பிரபுவுக்கு அந்தச் சொல் பிடித்துப்போயிற்று. வசந்தா இலையில் இன்னொரு வடை வைத்தால், "முன்னுதாரணமா கொள்ளலாகாதும்மா" என்பான். மூவரும் சிரிப்பார்கள். என்னைப் பார்த்ததும் நிறுத்திக்கொள்வார்கள்.

நான்காவது விதி பிறகு வந்தது. எதிர்வீட்டு டேவிட் பாடிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தார். அவர் மகள் ஸ்டெல்லாவின் பிளஸ் டூ முடிவு வெளியான காலை, "சார், பாப்பா நம்பர கொஞ்சம் பாக்கணும்" என்று தயங்கித் தயங்கி வந்தார். எங்கள் தெருவில் அப்போது கணினி எங்கள் வீட்டில் மட்டும்தான். செய்தி பரவி, கூடம் நிறைந்து, வாசலில் செருப்புகள் தெருவரை போயின. தொலைபேசிக் கம்பி வழியாக இணையத்தைப் பிடிக்கக் கணினி கீச்சிட்டு, இழுத்து, இழுத்து, பாதியில் அறுந்து, மறுபடி கீச்சிடும். ஒவ்வொரு முறையும் கூட்டம் மொத்தமாக மூச்சைப் பிடித்துக்கொள்ளும். ஸ்டெல்லா துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றாள். பிரபுதான் இயக்கினான். கடைசியில் எண்கள் வந்தன.

"பாஸா, பெயிலா, அத்த மொதல்ல சொல்லு நைனா!"

"பாஸ் அங்கிள். ஆயிரத்துக்கு மேல."

டேவிட் பிரபுவை நாற்காலியோடு தூக்கிவிட்டார். "மாமே, நீதாண்டா ஆபீசரு! உங்கப்பாரு இன்னா ஆபீசரு!" எல்லார் முன்னாலும் சொன்னார். நான் பெருந்தன்மையாகச் சிரித்தேன்.

அன்று மாலை பிரபு தன் அரை மணியைக் கேட்டான். காலையிலேயே பல மடங்கு தீர்ந்துவிட்டது என்றேன். அவன் அழுதான். உரிமை பறிபோனவனின் அழுகை அது, அடம் பிடிக்கும் அழுகையைவிடச் சத்தம் குறைவாக இருக்கும். அடுப்படியிலிருந்து வசந்தா சொன்னாள், "ஊருக்கு ஒழைச்ச புள்ளைக்கு ஓவர்டைம் கெடையாதாங்க உங்க ஆபீஸ்ல?" நான் யோசித்தேன். அடுத்த நாள் விதி நான்கு ஒட்டப்பட்டது. பிரபு அதைப் பலமுறை வாய்விட்டுப் படித்தான். அவனுக்காகவே பிறந்த விதி என்பதை அவன் மறந்திருக்க வழியில்லை என்று இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறேன்.

விதி இருந்தால் மீறலும் இருக்கும். பிள்ளைகள் பள்ளியிலிருந்து வந்த பிறகு நான் வந்து சேரும்வரை நீண்ட சாயங்காலம் ஒன்று இருந்தது. ஆகவே வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக் கழற்றுமுன் கூடத்துக்குப் போய், உறையைத் தூக்கி, மானிட்டரின் முதுகில் கை வைப்பேன். குழந்தையின் நெற்றியில் ஜுரம் பார்ப்பது போலத்தான். முதல் வாரமே கொதித்தது. சூடான தூசியின் வாசனை வேறு. "வெயிலுப்பா" என்றான் பிரபு. மறுநாள் காலையில் கணினிக்கு மின்சாரம் போகும் வயரைக் கழற்றிச் சாப்பாட்டுப் பையில் வைத்துக்கொண்டு அலுவலகம் போனேன்.

நீங்கள் சிரிக்கலாம். எங்கள் பிரிவின் தட்டச்சர் அம்மாவும் சிரித்தார். "என்ன சார், சாம்பாரச் சூடு பண்ற வயரா?" மாதக் கணக்கில் அந்த வயர் பட்டாபிராமிலிருந்து சென்ட்ரலுக்கும் சென்ட்ரலிலிருந்து பட்டாபிராமுக்கும் என்னோடு பயணம் செய்தது. மாலையில் வந்து கை வைப்பேன். சில்லென்றிருக்கும். உறையைச் சரி செய்துவிட்டு, "ம்" என்பேன். நிர்வாகம் என்றால் இதுதான் என்று எனக்குள் ஒரு திருப்தி.

ஒரே ஒரு குறை. சோறு குழைந்துவிட்டது. வசந்தா வழக்கமாக மின்சாரக் குக்கரில் வைப்பாள், உதிரி உதிரியாக இருக்கும். எனக்கு அப்படித்தான் பிடிக்கும். அந்தக் காலத்தில் இரவுச் சோறு விசில் குக்கரில் வைத்த சோறாக, களியாக, தட்டில் ஒட்டிக்கொண்டு கிடந்தது. கேட்டதற்கு, "அரிசி அப்படி" என்றாள். கடையை மாற்றச் சொன்னேன். மாற்றினாள். புது அரிசியும் குழைந்தது.

ஒரு நாள், வழக்கமான வண்டிக்காகச் சென்ட்ரலுக்குள் நுழைந்தபோது, அதற்கு முந்தைய வண்டி தாமதமாகி இன்னும் நின்றுகொண்டிருந்தது. ஏறிவிட்டேன். பட்டாபிராமில் இறங்கி, எங்கள் தெருவில் திரும்பி, வாசல் கேட்டில் கை வைத்தபோது உள்ளே சிரிப்பு கேட்டது. அது எங்கள் வீட்டுச் சிரிப்பு என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அவ்வளவு சத்தமாக அந்த வீட்டில் யாரும் சிரித்து நான் கேட்டதில்லை.

கூடத்து ஜன்னல் பாதி திறந்திருந்தது. கணினிக்கு முன்னால் வசந்தா உட்கார்ந்திருந்தாள். திரையில் சீட்டுக்கட்டு. அவள் கையில் மவுஸ். அதை நகர்த்தாமல், கத்தரிக்காயைப் பிடிப்பது போல இறுக்கிப் பிடித்திருந்தாள். ஒரு பக்கம் கவிதா, மறுபக்கம் பிரபு. கணினிக்குப் பின்னால் சாம்பல் நிறத்தில் நூல் சுற்றிய தடித்த வயர் ஒன்று தொங்கியது. மின்சாரக் குக்கரின் வயர்; கணினிக்கும் அது பொருந்தும். அரிசியின் மீது எந்தக் குற்றமும் இல்லை.

"அம்மா, ராணிய கீழ போடு. கீழம்மா!"

"இருடி, எனக்குத் தெரியும்."

"தெரியாது. நீ நேத்தும் இப்படித்தான் தோத்த."

"அம்மா போதும், ஆவடி வந்திருக்கும்" என்றான் பிரபு. ஆவடி வந்திருக்கும் என்றால், என் வண்டி ஆவடியைத் தொட்டிருக்கும், நான் வீடு வர இன்னும் கொஞ்ச நேரம்தான் என்று பொருள்.

"இந்த ராஜாவ மட்டும் எடுத்து வெச்சிட்றேண்டா."

"அம்மா!"

வசந்தா அலுத்துக்கொண்டே எழுந்தாள். கவிதா அணைத்தாள். பிரபு குக்கர் வயரைப் பிடுங்கி அடுப்படிக்கு ஓடினான். அதன் பிறகு வசந்தா அலமாரிக்கு மேலிருந்த பனையோலை விசிறியை எடுத்து, புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, மானிட்டரின் முதுகுக்கு வீச ஆரம்பித்தாள். மின்சாரம் போனால் எங்களுக்கெல்லாம் வீசும் அதே விசிறி. பிரபு ஓடிவந்து, அப்படியே என்னைப் போல முகத்தை நீட்டமாக வைத்துக்கொண்டு, அதன் முதுகில் கை வைத்தான்.

"ம். இன்னும் ஜுரம் இருக்கும்மா. வீசு."

வசந்தாவுக்குச் சிரிப்பில் கை ஓடவில்லை. அப்படிச் சிரிக்கும்போது அவள் கண்ணில் தண்ணீர் வரும் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். கல்யாணமாகிப் பதினைந்து வருடங்களுக்கு மேல் ஆகியிருந்தது.

நடைமுறைப்படி நான் உள்ளே போயிருக்க வேண்டும். கையும் களவுமாகப் பிடித்த வழக்கு, விளக்கம் கேட்க வேண்டிய தேவையே இல்லை. ஒன்றை மட்டும் அப்போது யோசித்தேன். புது வயர் ஒன்றை அவர்கள் எந்தக் கடையிலும் வாங்கியிருக்கலாம். வாங்கவில்லை. வாங்கியிருந்தால் அது ஒளித்துவைக்க வேண்டிய பொருளாகிவிடும். குக்கர் வயரை எங்கும் ஒளிக்க வேண்டாம். இவ்வளவு தெளிவான மூளை வசந்தாவுடையது. வேலைக்குப் போயிருந்தால் எனக்கு மேலதிகாரியாக வந்திருப்பாள்.

கேட்டிலிருந்து கையை எடுத்தேன். சத்தம் வராமல் தெருமுனைக்குத் திரும்பி நடந்தேன். அங்கே டீக்கடையில் டேவிட் நின்றிருந்தார்.

"இன்னா சார், ஊடு அந்தாண்ட கீது, நீங்க இந்தாண்ட வந்துகினு கீறீங்க?"

"சும்மாதான்."

"ஊட்ல சண்டையா?"

"இல்ல டேவிட்."

"அப்ப இன்னாத்துக்கு நின்னுகினு கீறீங்கோ?"

"என் வண்டி இன்னும் வரல."

டேவிட் என்னை மேலும் கீழும் பார்த்தார். "வண்டி வரல, நீங்க மட்டும் வந்துட்டீங்கோ. செரி, ஒரு டீ சாப்புடு சார்" என்று கையில் கொடுத்தார். என் வழக்கமான வண்டி வந்து, கூட்டம் தெருவுக்குள் இறங்கியதும், அதோடு கலந்து வீட்டுக்குப் போனேன். கூடம் அமைதியாக இருந்தது. கவிதா புவியியல் படித்துக்கொண்டிருந்தாள். உறையைத் தூக்கிக் கை வைத்தேன். சில்லென்றிருந்தது.

"ம்" என்றேன்.

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளாமல் இருக்கப் பெரும்பாடுபட்டார்கள்.

அதன்பின் நான் அடுத்த வண்டியில் வர ஆரம்பித்தேன். அலுவலகத்தில் வேலை அதிகம் என்றேன். ஒரு ராஜாவை எடுத்து வைக்கும் நேரமாவது அவளுக்குக் கிடைக்கட்டும் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். அந்தச் சிரிப்பு நான் இல்லாத வீட்டில் மட்டும் கேட்கும் சிரிப்பு என்று தெரிந்துவிட்ட பிறகு, சீக்கிரம் போய் என்ன செய்வது? சென்ட்ரல் நடைமேடையில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, அந்த வயர் இருக்கும் சாப்பாட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு, என் வண்டி நான் ஏறாமல் கிளம்பிப் போவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். பிள்ளைகளுடைய கணினி நேரத்தைக் குறைக்க விதி போட்டவனுக்கு வீட்டு நேரம் குறைந்தது. ஜுரம் பார்ப்பதை மட்டும் நிறுத்தவில்லை. நிறுத்தினால் அவள் விசிறுவதையும் நிறுத்திவிடுவாள் அல்லவா?

என் விதிகள் அத்தனையையும் இப்படி அழகாக மீறிய அந்த வீடு, வசந்தாவின் ஒரே விதியை மீறியதில்லை. ஆயுத பூஜையன்று அவள் கணினியைத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, பூப் போடுவாள். வயரைத் தானே பிடுங்கி வைத்துவிடுவாள். "சத்தம் வந்தா தொடத் தோணும். அணைச்சுத்தான் வெக்கணும். நாளைக்குக் காலைல பூஜை முடிச்சுத்தான் தொடணும்." பிரபு அஞ்சு நிமிஷம் என்று கெஞ்சியிருக்கிறான். விசிறி வீசித் துணைபோன அதே அம்மா, அன்று மட்டும் அசையமாட்டாள். "உழைச்சதுக்கு ஒரு நாள் ஓய்வு. அவ்ளோதான்." அதை அவள் எங்கும் ஒட்டவில்லை. தட்டச்சும் செய்யவில்லை.

பிள்ளைகள் கல்லூரிக்குப் போனதும் ஆளுக்கொரு மடிக்கணினி வந்தது. பங்கு போட ஒன்றும் இல்லாதபோது விதிக்கு என்ன வேலை? வீட்டுக்கு வெள்ளை அடித்தபோது பீரோவை நகர்த்தினார்கள், காகிதம் கிழிந்தது. உறை கைப்பிடித் துணியாயிற்று. பழைய சாமான் வண்டிக்காரர் மானிட்டரைத் தூக்கிப் பார்த்து, "கனம் கீது, காசு இல்ல" என்று முகம் சுளித்து எடுத்துப் போனார். கடைசி இரண்டு ஆண்டுகள் வசந்தா படுக்கையில் இருந்தாள். உடம்பு கொதிக்கும் நாட்களில் நான் அந்த விசிறியால் வீசுவேன். பலமுறை வாய் வரை வந்தது, அன்றைக்கு ஜன்னல் வழியாகப் பார்த்தேன் என்று. சொன்னால் அவளுடைய அத்தனை வருடத்து வெற்றியும் போய்விடும் என்று சொல்லவில்லை. இப்போது அதைச் சொல்ல ஆதிரா ஒருத்திதான் இருக்கிறாள். கேட்டவள் அவள்தானே. பிரபுவிடம் சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

ஆகவே பள்ளி திறந்த மாதத்தில் மகனுக்கு முறையாக ஒரு செய்தி அனுப்பினேன். பார்வை, பொருள் எல்லாம் இட்டு, விதி நான்கை மேற்கோள் காட்டி, தாத்தாவோடு பேசும் நேரத்தைக் குழந்தையின் கணக்கிலிருந்து விலக்கக் கோரினேன். இரண்டு நீலக் கோடுகள் உடனே விழுந்தன. பதில் இல்லை. நினைவூட்டு அனுப்பினேன். "பாக்கறேன்பா" என்று வந்தது. அதன் பொருள் எனக்குத் தெரியும். என் காலத்தில் எத்தனையோ பேருக்கு நானே எழுதியிருக்கிறேன், பரிசீலனையில் உள்ளது என்று. இரண்டாவது நினைவூட்டுக்கு அவனே கூப்பிட்டான்.

"அப்பா, புரிஞ்சுக்கோங்க. கண்ணுக்குத் தாத்தாவும் ஒண்ணுதான், கார்ட்டூனும் ஒண்ணுதான்."

"அது விதியாடா?"

"டாக்டர் சொன்னது. அவ கண்ணுப்பா."

நியாயம்தான். மருத்துவரின் கருத்துக்கு மேல் எந்த அலுவலகத்திலும் பேச்சு கிடையாது. குழந்தையின் கண் எனக்கும் வேண்டும். அதன்பிறகு நான் எழுதவில்லை. சனிக்கிழமைகளில் அவள் வருவது குறைந்தது. வந்த நாட்களில் நான் கேட்பேன், "விசிறிக் கதை சொல்லவா?" "அப்பறம் தாத்தா." குழந்தை ஒரு கதையைக் கேட்கும் காலமும் காலாவதி ஆகக்கூடியதுதான். அதை ஈடு செய்ய எந்த விதியிலும் இடமில்லை.

இந்த ஆண்டு ஆயுத பூஜைக்குக் காலையிலேயே குளித்துவிட்டேன். வசந்தா போன பிறகும் அவளுடைய ஒரு விதியை நான் விடவில்லை. ஆனால் பூஜையில் வைக்க வீட்டில் என்ன இருக்கிறது? தையல் இயந்திரத்தைக் கவிதா கொண்டுபோய்விட்டாள். கணினி இல்லை. மின்சாரக் குக்கரும் இல்லை, ஒற்றை ஆளுக்குச் சின்னப் பாத்திரம் போதும். மிச்சமிருக்கும் ஒரே ஆயுதம் இந்தக் கைப்பேசிதான். எல்லா ஆண்டும் போல அதை அணைத்து, துடைத்து, சந்தனம் வைத்து, பனையோலை விசிறியின் பக்கத்தில் சாமி படத்துக்கு முன்னால் வைத்தேன். டேவிட் வீட்டிலிருந்து ஸ்டெல்லாவின் பையன் சுண்டலுக்கு வந்தான். "தாத்தா, போனுக்குப் பொட்டு வெச்சிகீறீங்க!" என்று சிரித்துவிட்டுப் போனான். பகல் முழுக்க வீடு அமைதியாக இருந்தது. நாலைந்து முறை கை அதன் பக்கம் போயிற்று. தொடவில்லை. அவளுடைய விதியைக் காப்பாற்ற ஒரு ஆளாவது இந்த வீட்டில் இருக்க வேண்டாமா?

விஜயதசமி காலையில் கற்பூரம் காட்டிவிட்டு எடுத்து உயிர் கொடுத்தேன். சந்தனத்துக்குள்ளிருந்து அது ஓயாமல் அதிர்ந்தது. முதலில் பிரபுவின் செய்தி. முந்தைய நாள் காலை, நான் சந்தனம் குழைத்துக்கொண்டிருந்த நேரத்தில் அனுப்பியது.

"அப்பா, விதி 4 இன்னிக்கு ஒரு நாள் பொருந்தும். டாக்டர்கிட்டயே கேட்டுட்டேன். பாப்பாவுக்கு லீவு. கணக்கு கிடையாது, எவ்ளோ நேரம் வேணும்னாலும் பேசுங்க. அம்மா விசிறி வீசின கதைய முழுசா கேக்கணுமாம், அவளே கேட்டா. எனக்கும் கேக்கணும். இதை முன்னுதாரணமாகக் கொள்ளலாகாது."

அதன் கீழே, பகல் முழுக்க எனக்கு வந்து எடுக்கப்படாத அழைப்புகள். அவற்றுக்குக் கீழே மாலையில் பிரபு எழுதிய இன்னொரு வரி: "மறந்தே போயிட்டேன்பா. பூஜையில வெச்சிருப்பீங்க. சொன்னா கேக்காம போன் பக்கத்துலயே உக்காந்திருக்கா." கடைசியாக ஒரு குரல் பதிவு. தூக்கம் கலந்த குரல்.

"தாத்தா, ஏன் எடுக்கல? உன் டைம் முடிஞ்சிடுச்சா?"

கைப்பேசி கையில் சூடேறியது. கூப்பிட்டேன். கணக்கில்லாத அந்த ஒரு நாள் முடிந்திருந்தது; அவள் விஜயதசமி விழாவுக்குப் பள்ளிக்குப் போயிருந்தாள்.

அலுவலகத்தில் கோப்பை முடிக்கும்போது தேதி குறிப்பது வழக்கம். பதில் வந்த நாள், ஆயுத பூஜை.